பென்சில் புத்தகத்தின் இடது பக்கம்

மார்ச் 4, திங்கள்

இன்றிலிருந்து துடைக்கிற வேலை அரை நாள்தான். மீதி அரை நாள் பக்கம் புரட்டுகிற வேலை.

அருங்காட்சியகக் கப்பலில் இருக்கும் பழைய இன்ஜின் கணக்குப் புத்தகங்களையெல்லாம் படம் பிடித்து இணையத்தில் போடப் போகிறார்கள். யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்துகொண்டே பார்க்கலாமாம். மொத்தம் நூற்று நாற்பது புத்தகம். இதற்கென்றே வந்திருக்கும் மேடம் தடிக் கண்ணாடி போட்டவர். கேமராக்காரர் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பூதக்கண்ணாடி. அவர் காதில் விழாமல்தான்.

"அக்கா, கையக் காட்டுங்க" என்றார் மேடம். எதையோ காணோம், என்னைச் சந்தேகப்படுகிறார் என்று நினைத்துவிட்டேன். அதில்லை. பக்கம் புரட்ட வந்த இரண்டு பேரும் தாளைக் கிழித்துவிட்டார்களாம். நான் கண்ணாடிப் பெட்டிகளைத் துடைப்பதை ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாராம். "நீங்க துணிய அழுத்துறதே இல்ல. இந்தக் கைதான் எனக்கு வேணும்."

ஐந்தாவதுதான் படித்திருக்கிறேன் என்றேன். "படிக்கச் சொல்லல அக்கா. புரட்டினா போதும்."

முந்நூற்றுப் பத்துத் தாள் புரட்டினேன். ஒன்றுகூடக் கிழியவில்லை. வீட்டுக்கு வந்து இதைச் சொல்ல ஆளில்லை. அதனால் எழுதுகிறேன். மகள் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் சும்மா கொடுத்த டைரி இது. ஜனவரியும் பிப்ரவரியும் காலி.

மார்ச் 5

முதுகு விட்டுப்போச்சு. ஆனால் கேமராக்காரர், "அக்கா, உங்க வேகத்துக்கு மெஷின் மூச்சு வாங்குது" என்றார். சும்மா சொல்கிறார். இருந்தாலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 9, சனி

சனிக்கிழமைகளில் கூட்டம் வரும். பெரியவர் சுற்றிக் காட்டுவார். இந்தக் கப்பல் ஓடிய காலத்தில் மூன்றாம் இன்ஜினியராக இருந்தவர். எழுபது தாண்டியும் குரல் கணீரென்று இருக்கும். நான் நடைபாதையில் வாளியோடு நிற்கும்போது இன்ஜின் ரூமுக்குள் அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மத்தியானம் ரெண்டு நாப்பது. எண்ணெய் பாக்குற ஆள் இந்த எடத்துல நின்னிருக்கணும். நின்னானா? இல்ல. எடத்த விட்டுப் போயிட்டான். அஞ்சே நிமிஷம், தீ. தனியா மாட்டிக்கிட்ட செகண்ட் இன்ஜினியர் உள்ளயே போயிட்டார். தங்கமான மனுஷன். நல்லவேளை, முன் எண்ணெய்த் தொட்டி வால்வு மூடியிருந்துச்சு. இல்லன்னா கப்பலே மிஞ்சியிருக்காது."

சுவரில் பலகையும் உண்டு. 'பணியிடத்தில் ஆள் இல்லை.'

அந்த ஆள் என் வீட்டுக்காரர்.

இதை இங்கேதான் முதல் தடவை எழுதுகிறேன். கப்பலில் யாருக்கும் தெரியாது. வேலை போயிற்று. வேறு கப்பலிலும் எடுக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்த்தார். என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார், செகண்ட் இன்ஜினியர் அனுப்பித்தான் போனேன் என்று. அனுப்பினவர் செத்துப்போய்விட்டார். விசாரணையில் யார் நம்புவார்கள்? பள்ளிக்கூடத்தில் என் மகளை 'ஓடிப்போனவன் பொண்ணு' என்றார்கள். அதற்கப்புறம் அவர் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கப்பலை அருங்காட்சியகம் ஆக்கிக் கரையில் கட்டிய பிறகும் இந்தப் பக்கம் வரவில்லை. போன ஜூலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

அக்டோபரில் நான் இங்கே துடைக்கச் சேர்ந்தேன். "வேற எடமே கெடைக்கலையாம்மா உனக்கு?" என்று மகள் கத்தினாள். என்ன சொல்ல? அவர் நின்ற தரையை நானாவது துடைக்கலாம் என்றிருந்தது.

மார்ச் 12

புத்தகம் இரண்டு வகை. இன்ஜின் ரூமிலேயே வைத்துப் பென்சிலால் எழுதுவது ஒன்று. அதைப் பார்த்து மறுநாள் மூன்றாம் இன்ஜினியர் மையால் அழகாக எழுதுவது இன்னொன்று. அழகுப் புத்தகம்தான் கரையில் இருக்கும் ஆபீசுக்குப் போகும்.

பென்சில் புத்தகத்தில் வலது பக்கம்தான் கட்டம் போட்டிருக்கும். சூடு எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, எண்ணெய் பார்த்தாயிற்றா என்று. இடது பக்கம் வெறும் தாள். அதனால் வலது பக்கத்தை மட்டும் எடுத்தால் போதும் என்று மேடம் சொல்லியிருக்கிறார். நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் இடது பக்கம் வெறும் தாள் இல்லை. எண்ணெய்க் கறைக்கு நடுவே எழுத்து இருக்கிறது. இன்று இரண்டு மூன்று வரி எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். 'மூணாவது பம்ப் அழுகிறது. தட்டிக்கொடுத்தால் நிறுத்தும்.'

சிரித்துவிட்டேன். கேமராக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மார்ச் 13

தூக்கம் பிடிக்கவில்லை. காலையில் எழுந்ததும் பீரோவைத் திறந்து அவருடைய நோட்டை எடுத்தேன். வீட்டுக் கணக்கையும் அவர் அப்படித்தான் எழுதுவார். வலது பக்கம், சிலிண்டர் மாற்றிய தேதி. இடது பக்கம், 'குழாய் இளகுகிறது, அடுத்த தடவை கவனி.' ஏங்க இப்படிப் பாதித் தாளை வீணாக்குறீங்க என்று சண்டை போட்டிருக்கிறேன். "வலது பக்கம் என்ன நடந்துச்சுன்னு ஆபீஸுக்குச் சொல்றது. இடது பக்கம் ஏன் நடந்துச்சுன்னு அடுத்து வர்ற நம்மாளுக்குச் சொல்றது. இன்ஜின் ரூம்ல அப்படித்தான்" என்பார்.

மேடத்திடம் போய் இதைச் சொன்னேன். எந்தக் கப்பல் என்று சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் கப்பல் வேலை பார்த்தவர் என்று மட்டும்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க சொல்றது சரிதான் அக்கா. ஆனா கேமராவ மே முப்பத்தொண்ணுல திருப்பிக் கொடுக்கணும். ரெண்டு பக்கமும் எடுத்தா பாதிகூட முடியாது."

"காலைல ஒன்றரை மணி நேரம் முன்னாடி வந்து நானே எடுக்குறேன்" என்றேன். என் வாயா இது?

கேமராக்காரர், "மெஷின நீங்க தொட்டா எனக்கு நெஞ்சு நின்னுடும்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் போனது அவருக்குத் தெரியும். பாவம், இன்று முழுக்க எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்.

மார்ச் 20, புதன்

கற்றுக்கொண்டேன்! காலால் மிதித்தால் படம் விழும். கையிரண்டும் தாளுக்கு. இது தையல் மெஷின் கணக்குத்தான். இதற்கா பயந்தேன்? காலை ஆறரைக்கு நானும் வாட்ச்மேனும் கப்பலும் மட்டும். எட்டு மணிக்குள் நூற்று எண்பது இடது பக்கம். கேமராக்காரர் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். குறை கண்டுபிடிக்க முயற்சி செய்தார். கிடைக்கவில்லை.

இடது பக்கத்தில் ஒரு பூனை வரைந்திருக்கிறது. எல்லாப் புத்தகத்திலும் வருகிறது, வரவரக் குண்டாகிறது.

ஏப்ரல் 2

முதல் நாற்பது புத்தகம் இணையத்தில் ஏறிவிட்டது. நாலே நாளில் ஒரு கடிதம். எங்கோ தூர தேசத்திலிருந்து ஒரு அம்மா. 'பூனை வரைந்தது என் அப்பா. எங்களுக்கு வரும் கடிதத்திலும் அந்தப் பூனை இருக்கும். ராத்திரி முழுக்க நானும் என் தங்கையும் பூனை தேடினோம்.'

மேடம் இதைச் சத்தம் போட்டு வாசித்தார். மேலாளர் உள்ளே வந்தார். அவரை நாங்கள் கேப்டன் என்போம். படகில் ஏறினாலே வாந்தி எடுப்பாராம். கரையில் கட்டிப்போட்ட கப்பலுக்கு அந்தக் கேப்டன் போதும். மத்தியானம் பத்திரிகைக்காரர்கள் வந்தபோது, "இடது பக்கத்தையும் விடாம எடுக்கணும்னு ஆரம்பத்துலேருந்தே நான் சொல்லிட்டிருக்கேன்" என்றார். கேமராக்காரர் இருமிக்கொண்டே வெளியே ஓடினார்.

போகட்டும். இனி இடது பக்கமும் சட்டப்படி உண்டு. உதவிக்கு ஆள் ஒருவரும் கூட.

ஏப்ரல் 15, திங்கள்

தீப்பிடித்த வருஷத்துக்கு வந்துவிட்டோம். அழகுப் புத்தகம் சரியாக இருக்கிறது. பெரியவரின் கையெழுத்து, முத்து முத்தாக. '2.40 – பணியிடத்தில் ஆள் இல்லை.'

அதன் பென்சில் புத்தகம் ஒரு சாக்குக்குள் இருந்தது. தீயணைத்த தண்ணீரில் ஊறிக் காய்ந்து செங்கல் மாதிரி ஆகிவிட்டது. யாரோ எந்தக் காலத்திலோ சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். 'திறக்க இயலாது.'

கையில் வாங்கினேன். மேஜையில் வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றேன். "என்னக்கா, கனமா?" என்றார் மேடம். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 18

மேடம் ஒரு வழி சொன்னார். மூடி போட்ட பெட்டி, அடியில் ஈரத்துணி, நடுவில் வலை, வலைமேல் புத்தகம். ஈரக் காற்று மட்டும் படவேண்டும், தண்ணீர் படக்கூடாது. தாள் மெல்ல இளகுமாம். இளகினாலும் பிரிப்பது சந்தேகம்தான் என்கிறார். மையாக இருந்தால் அன்றே கரைந்து போயிருக்கும். பென்சில் கரையாது.

பென்சில் கரையாது. இதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு நடைபாதை முழுக்கத் துடைத்தேன்.

ஏப்ரல் 22

ஒரு நாளைக்கு ஆறு தாள். தட்டையான மரச் சில்லை நுழைத்து, மூச்சை அடக்கி. மேடமும் முயன்றார். அவர் கைக்கு வரவில்லை, எனக்கு வருகிறது.

ஏப்ரல் 24, புதன்

கெடச்சிடுச்சு. கெடச்சிடுச்சுங்க.

ஏப்ரல் 25

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

வலது பக்கத்தில் எண்ணெய் பார்த்ததற்கு அவர் போட்ட கோடுகள். 1.40, 2.00, 2.20. சாய்ந்த கோடு. வீட்டு நோட்டில் சிலிண்டர் தேதிக்குப் பக்கத்திலும் அப்படித்தான் போடுவார். 2.40 கட்டம் காலி. வெறும் காலி. 'ஆள் இல்லை' என்று யாரும் எழுதவில்லை. அழகுப் புத்தகத்தில் காலியாக விட முடியாது, ஏதாவது எழுதியாக வேண்டும். அதனால் எழுதியிருக்கிறார்கள்.

எதிரே இடது பக்கம். வேறு கை. அந்தப் புத்தகம் பூராவும் வருகிற செகண்ட் இன்ஜினியரின் கை.

'2.35. முன் தொட்டி வால்வு ஒழுகுகிறது. எண்ணெய் ஆளை மூட அனுப்பினேன். அவர் வரும்வரை நானே நிற்கிறேன்.'

மூன்று தடவை எழுத்துக்கூட்டினேன். அப்புறம் மேடத்தை வாசிக்கச் சொன்னேன். அவர் வாசிக்கும்போதுதான் உறைத்தது, நல்லவேளை மூடியிருந்தது என்கிறார்களே அந்த வால்வு, அது தானாகவா மூடிக்கொண்டது? கப்பலையே காப்பாற்றிவிட்டு, வேலையை இழந்து, முப்பத்திரண்டு வருஷம் தலை குனிந்து நடந்தாரே மனுஷன்!

அந்த எண்ணெய் ஆள் என் வீட்டுக்காரர் என்றேன். மேடம் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கேமராக்காரர் கேமராவை அணைத்துவிட்டு நின்றார்.

நேற்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பஸ்ஸில் ஏறாமல் வீடு வரைக்கும் நடந்தேன். யாரைப் பார்த்தாலும் நிறுத்திச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

மகளிடம் இன்னும் சொல்லவில்லை. உறுதியாகட்டும். பள்ளிக்கூடத்தில் அவள் பட்டது போதும், இதிலும் ஏமாறக் கூடாது.

மே 3, வெள்ளி

சந்தோஷத்துக்குக் கண் பட்டது.

கேப்டன் பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினார். பெரியவர் வெகுநேரம் பார்த்தார். "பென்சில்ல யார் வேணா எழுதலாம். இத்தன வருஷமா சாக்குல கெடந்த புத்தகம்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "அதுவும் ஒரு வாரமா இந்தம்மா கையிலதான இருந்திருக்கு? அவன் சம்சாரம்னு இப்பத்தான சொல்றாங்க."

எந்தக் கையை நம்பி மேடம் கூப்பிட்டாரோ அந்தக் கையையே சந்தேகப்பட்டுவிட்டார்.

கேமராக்காரர்தான் பேசினார். "ஐயா, அக்கா கையெழுத்தப் பாத்திருக்கீங்களா? கோழி நடந்த மாதிரி இருக்கும். இவங்க இப்படி எழுதியிருந்தா, மியூசியத்துல இவங்களத்தான் வைக்கணும்." என்னைக் காப்பாற்றினாரா, மானத்தை வாங்கினாரா தெரியவில்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"எதுக்கு வம்பு? அந்த ஒரு புத்தகத்த மட்டும் நிறுத்தி வைப்போம்" என்றார் கேப்டன்.

மேடம் குரலை உயர்த்தவே இல்லை. "நூத்தி நாப்பதுன்னு பேப்பர்ல சொன்னது நீங்க. நூத்தி முப்பத்தொம்பதுதான் இருந்தா, மீதி ஒண்ணு எங்கன்னு உங்களத்தான் கேப்பாங்க."

கேப்டன் தண்ணீர் குடித்தார். புத்தகம் ஏறும்.

மே 7

ஏறிவிட்டது. இடது பக்கம், வலது பக்கம், எல்லாம். யார் எழுதியது என்ற இடத்தில் மேடம், 'செகண்ட் இன்ஜினியராக இருக்கலாம்' என்று போட்டிருக்கிறார். இருக்கலாம். அந்த ஒரு வார்த்தையையே திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

மே 11, சனி

பெரியவர் அதே கதையைத்தான் சொன்னார். ஆனால் 'எடத்த விட்டுப் போயிட்டான்' என்கிற இடத்தில் குரல் இறங்கியது. நான் வாளியை வைத்துவிட்டு வாசலிலேயே நின்றேன். முன்னெல்லாம் நகர்ந்துவிடுவேன்.

மே 14

ஒன்றும் வரவில்லை.

மே 18, சனி

வந்துவிட்டது!

செகண்ட் இன்ஜினியரின் மகன். வேறு நாட்டில் இருக்கிறார். அப்பா போனபோது ஒன்பது வயசாம். அவரிடம் அப்பாவின் கடிதம் ஏழு இருக்கிறது. ஏழையும் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். 2 என்கிற எண்ணை வாத்து மாதிரி வால் சுருட்டிப் போடுகிற கை. நம் பக்கத்தில் 2.35-இல் அதே வாத்து. மேடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். குழந்தைகூடச் சொல்லும்.

அந்த மகன் எழுதியிருந்ததை மேடம் எனக்குத் தாளில் அச்செடுத்துக் கொடுத்தார். 'என் அப்பா கடைசி நிமிஷங்களில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எங்களுக்கு இதுவரை தெரியாது. தன் ஆளை அனுப்பிவிட்டு, அவர் இடத்தில் தானே நின்றிருக்கிறார். அந்த ஆளின் குடும்பம் எங்கேயாவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அவர்களோடு பேச வேண்டும்.'

கேமராக்காரர், "எங்கயாவதா? இங்கதான் நிக்குது, வாளியோட" என்று கத்தினார். மேடம் அவரைக் கட்டிக்கொள்ளப் போய், சுதாரித்து என்னைக் கட்டிக்கொண்டார்.

'இருக்கலாம்' என்பதை என் கண் முன்னாலேயே அழித்தார்.

சாயங்காலம் மருந்துக்கடைக்கே போனேன். மகள் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாள். "என்னம்மா, முடியலையா?" என்று பதறினாள். போனில் அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். வாசித்தாள். வரிசையில் ஏழெட்டுப் பேர். ஒருவர், "ஏம்மா, என் மாத்திர" என்றார். "இருங்க சார், எங்கப்பாவப் பத்தி வந்திருக்கு" என்றாள்.

எங்கப்பாவப் பத்தி. இவ்வளவு சத்தமாக அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

மே 20, திங்கள்

பெரியவர் சனிக்கிழமை தவிர வரமாட்டார். இன்று வந்தார். நான் புரட்டிக்கொண்டிருந்த மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இடது பக்கத்தப் பாக்குற பழக்கமே எங்களுக்குக் கெடையாதும்மா. கட்டத்த மட்டும்தான் எடுத்து எழுதுவோம். அன்னிக்கு அந்தப் புத்தகம் ஈரத்துல சொட்டிட்டு இருந்துச்சு. நான் இருபது மணி நேரமாத் தூங்கல. பாத்தும் படிக்காம விட்டேனா, பாக்கவே இல்லையா, இப்ப எனக்கே தெரியல."

அந்தக் கடைசி வார்த்தையை மறைக்காமல் சொன்னாரே. திட்டுவதற்கு முப்பத்திரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன். வரவில்லை. பரவாயில்லை என்ற வார்த்தையும் வரவில்லை. பரவாயில்லை என்று எப்படிச் சொல்ல? தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

"நான் என்ன செய்யணும், சொல்லும்மா."

"நீங்க சொன்ன கதைய நீங்களே மாத்திச் சொல்லுங்கய்யா. சனிக்கிழம. கூட்டத்துல."

தலையாட்டினார். போகும்போது படியில் கை பிடித்து ஏற்றிவிட்டேன். வயசானவர்.

மே 31, வெள்ளி

நூற்று நாற்பதும் முடிந்தது. இடதும் வலதும். கேமராவை அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டினோம். கேமராக்காரர் பெட்டியைத் தட்டி, "அக்காவ நெனச்சு ஏங்கும்" என்றார்.

கேப்டன் பழைய பலகையைக் கழற்றச் சொன்னார். ஸ்க்ரூ துருப்பிடித்து வரமாட்டேன் என்றது. வாட்ச்மேன், கேமராக்காரர் இரண்டு பேரும் தொங்கினார்கள். புதிய பலகைக்கு அவர் பெயரை எழுதித் தரச் சொன்னார் மேடம். கோழி நடந்த எழுத்தில்தான் எழுதினேன். எழுத்துப் பிழை இல்லை. இரண்டு பேரிடம் காட்டிச் சரிபார்த்தாயிற்று.

அடுத்த மாதத்திலிருந்து எனக்கு முழுநாள் புத்தக அறைதான். துடைக்க வேறு ஆள் வருகிறாள்.

ஜூன் 1, சனி

கூட்டம் அதிகம். மகள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள், பின்வரிசையில். இந்தக் கப்பலில் அவள் காலெடுத்து வைப்பது இதுதான் முதல் தடவை. என்னைத் தெரியாதவள் மாதிரி நின்றாள். கள்ளி.

பெரியவர் ஆரம்பித்தார். மத்தியானம் இரண்டு நாற்பது. குரல் கணீரென்றுதான் இருந்தது. "எண்ணெய் பாக்குறவர் இந்த எடத்துல இல்ல. பணியிடத்துல ஆள் இல்லன்னு எழுதினது நான். எடத்த விட்டுப் போயிட்டார்னு பல வருஷமா இதே எடத்துல நின்னு சொன்னதும் நான். அது தப்பு."

அப்போது மகள் கையைத் தூக்கினாள். தெரிந்துகொண்டே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள். "அப்ப அவர் எங்க போனார்?"

பெரியவர் ஒதுங்கி எனக்கு வழி விட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்ன பேசுவது? இவ்வளவு பேர் முன்னால் நான் பேசினதே கிடையாது. வால்வு இருப்பது இன்ஜின் ரூமுக்கும் கீழே, முன்பக்கம். பார்க்க வருகிறவர்களை அங்கே இறக்கியதே இல்லை, கம்பி போட்டு மூடியிருக்கும். கம்பியைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

"வாங்க, காட்டுறேன்" என்றேன். "படி செங்குத்தா இருக்கும். பாத்து எறங்குங்க."